படம் பார்த்தாச்சு, எத்தனை மார்க்? ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பார்த்த படத்துக்கு மார்க் போடுவதும், அதை நாலு பேரிடம் சொல்வதும், சொன்னதற்காக அந்த நாலு பேரிடமும் சண்டை போடுவதும் சினிமா ரசிகர்களுக்குப் படம் பார்ப்பதற்குச் சமமாகப் பிடித்த வேலை. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் தகவலும் உண்டு, என் அபிப்பிராயமும் உண்டு. எது எதுவென்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

படம் முடிந்ததும் உடனே மார்க் போடலாமா? ஒரு நாள் விட்டுப் போடுவது நல்லதா?

இரண்டும் வேறு வேறு மார்க். உடனே போடுவது அந்த இரண்டரை மணி நேரம் உங்களை என்ன செய்தது என்பதற்கு. ஒரு நாள் கழித்துப் போடுவது, அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு.

டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களில் ஒரு விஷயத்தைச் சோதித்துக் காட்டினார்கள். ஓர் அனுபவத்தைப் பிறகு நினைத்து மதிப்பிடும்போது, மனது அதன் முழு நீளத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. உச்சத்தில் இருந்த தருணம், முடிந்த விதம் ஆகிய இரண்டையும் வைத்தே பெரும்பாலும் கணக்கை முடித்துவிடுகிறது. அவர்கள் சோதித்தது குளிர்ந்த நீரில் கையை வைத்திருப்பது மாதிரியான வலிகளை, சினிமாவை அல்ல. ஆனால் சினிமா ரசிகருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முக்கால்வாசிப் படம் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருப்போம். கடைசி இருபது நிமிடம் பின்னணி இசையும் ஒரு நல்ல ட்விஸ்ட்டும் சேர்ந்து தூக்கிவிடும். வெளியே வரும்போது 'சூப்பர் படம்' என்போம். எதிர்ப்பக்கமும் உண்டு: கடைசியில் சொதப்பியதாலேயே, அதுவரை மிக நன்றாகப் போன படத்துக்கு ஐந்து மார்க் போட்டுவிட்டுப் போகிறவர்கள்.

அதனால் உடனே ஒரு மார்க்கை மனதுக்குள் போட்டு வையுங்கள். நடுவில் உங்களுக்கு அலுப்புத் தட்டிய இடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதலில் மறந்துபோவது அதுதான்.

தியேட்டர் வாசலில் எல்லாரும் 'செம' என்கிறார்களே, அந்தக் கருத்து எவ்வளவு நம்பகமானது?

முதல் நாள் வருகிறவர் அந்தப் படத்தை விரும்பிக் காத்திருந்து வருகிறவர். ஆகவே கொஞ்சம் தாராளமாகத்தான் இருப்பார். சினிமாஸ்கோர் என்ற அமெரிக்க நிறுவனம் 1979 முதல் இதையே தொழிலாகச் செய்கிறது. படம் வெளியாகும் முதல் இரவில் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு வாங்குகிறது. அங்கே பி வாங்கினாலே 'சுமார்தான்' என்று திரைத்துறையில் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஏற்கெனவே பிடிக்கும் மனநிலையில் வந்தவர்களுக்கே அவ்வளவுதான் பிடித்திருக்கிறது.

2017இல் டாரன் அரனாஃப்ஸ்கியின் 'மதர்!' படத்துக்கு எஃப் கிடைத்தது. விமர்சகர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பேய்ப் படத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முற்றிலும் வேறொன்று கிடைத்தது, கோபம் வந்தது. ஆக வாசலில் கேட்கும் கருத்து, எதிர்பார்த்தது கிடைத்ததா இல்லையா என்பதைத்தான் முதலில் சொல்கிறது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். படம் நல்லதா என்பது தனிக் கேள்வி.

ஐந்துக்கா, பத்துக்கா, நூறுக்கா? எந்த அளவுகோல் சரி?

நட்சத்திரம் போடும் பழக்கத்தை சினிமா விமர்சனத்துக்குக் கொண்டுவந்தவராக ஐரீன் திரர் என்பவரைச் சொல்வார்கள். 1928இல் நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையில் தொடங்கினார். மொத்தமே மூன்று நட்சத்திரம்தான். பிறகு நாலானது, ஐந்தானது. ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தில் பத்து. பார்த்த படங்களைக் குறித்துவைக்க உதவும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் ஐந்து, ஆனால் அரை நட்சத்திரமும் போடலாம் என்பதால் அதுவும் பத்துப் படிகள்தான்.

நெட்ஃப்ளிக்ஸ் 2017இல் ஐந்து நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. சோதித்துப் பார்த்தபோது வந்த மதிப்பீடுகளின் எண்ணிக்கை 200 சதவீதம் கூடியதாம். காரணம் புரிகிறது: 'பிடித்ததா, இல்லையா' என்பதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் நண்பர்களுக்கிடையே பேசுவதற்குக் கட்டைவிரல் போதாது. சண்டை போடக்கூட அதில் இடமில்லை.

நூறுக்குப் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 73க்கும் 74க்கும் என்ன வித்தியாசம் என்று. பதில் வராது. என் ஓட்டு ஐந்துக்கு, அரை மார்க்கோடு. எதை எடுத்துக்கொண்டாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

நான் எந்தப் படத்துக்குப் போட்டாலும் 7தான் வருகிறது. என்ன செய்வது?

பத்துக்குப் போடுகிற பாதிப் பேரின் கதை இது. பள்ளிக்கூட நினைவில் 5 என்றால் தேறாத மார்க் மாதிரித் தோன்றுகிறது. அதனால் சுமாரான படத்துக்கும் 6.5, நல்ல படத்துக்கு 7.5, ரொம்ப நல்ல படத்துக்கு 8 என்று எல்லாமே ஒரு சின்னச் சந்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1 முதல் 5 வரை சும்மா கிடக்கிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு உயிரான ஒன்று, எப்போது போட்டாலும் பார்க்கிற ஒன்று, ஒரு தடவை பார்க்கலாம் என்கிற ரகத்தில் ஒன்று, தூக்கம் வந்த ஒன்று, காசைத் திருப்பிக் கேட்கத் தோன்றிய ஒன்று. இவற்றுக்கு 5, 4, 3, 2, 1 என்று மார்க் கொடுத்துவிடுங்கள். இனிமேல் பார்க்கும் படத்தை இந்த ஐந்தோடுதான் ஒப்பிட வேண்டும். 'இது நாலா?' என்று கேட்பதைவிட 'இது அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்குமா?' என்று கேட்டால் பதில் சட்டென்று வரும்.

என் நண்பர் 6 கொடுத்த படத்துக்கு நானும் 6 கொடுத்தேன். ஆனால் பேசிப் பார்த்தால் எங்கள் கருத்து ஒத்துவரவில்லை. எப்படி?

உங்கள் 6 வேறு, அவர் 6 வேறு. சராசரியாக 8 போடுகிறவரின் 6 என்பது திட்டு. சராசரியாக 4 போடுகிறவரின் 6 என்பது பாராட்டு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கதை. 2006இல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. எந்தப் பயனர் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்பதைத் தங்கள் கணிப்பைவிடப் பத்து சதவீதம் துல்லியமாகச் சொல்கிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. ஏறக்குறைய 4.8 லட்சம் பேர், 17,770 படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மார்க்குகளைப் போட்டியாளர்களிடம் கொடுத்தது. மூன்று வருடம் உலகம் முழுக்க ஆட்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2009இல் ஜெயித்த குழுவுக்குச் சமமாக இன்னொரு குழுவும் வந்திருந்தது. ஆனால் இருபது நிமிடம் பிந்தி அனுப்பியதால் பரிசு போய்விட்டது.

இதில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கணக்குகளில் பெரும்பங்கு வேலை செய்தது ரசனை பற்றிய நுணுக்கமான ஆராய்ச்சி அல்ல. 'இந்த ஆள் பொதுவாகத் தாராளமா, கஞ்சனா?', 'இந்தப் படத்துக்குப் பொதுவாக எல்லாரும் கூடப் போடுகிறார்களா, குறைத்தா?' என்ற இரண்டு எளிய திருத்தங்கள்தான். ஒரே ஆளின் தாராளமும் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதையும் ஜெயித்த குழுவில் இருந்தவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர் போடும் மார்க்கும் எரிச்சலில் இருப்பவர் போடும் மார்க்கும் ஒன்றாக இருக்காது என்று நமக்கே தெரியும், அதற்கும் ஒரு சூத்திரம் எழுதிவிட்டார்கள்.

ஆகவே ஒருவர் மார்க் சொன்னால், அவர் வழக்கமாக எவ்வளவு போடுவார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்கள் சொல்லும்போது, 'நான் பேய்ப் படத்துக்குக் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி கேட்கிறவருக்கு உங்கள் மார்க்கைவிட அதிகம் உதவும்.

ஒரு படத்துக்கு ஓரிடத்தில் 92 சதவீதம், இன்னோரிடத்தில் 6.8. எதை நம்புவது?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில். குழப்பம் அங்கேதான் வருகிறது.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வரும் சதவீதம் மார்க் அல்ல. எத்தனை விமர்சகர்களுக்குப் படம் பரவாயில்லை என்று பட்டது என்ற எண்ணிக்கை. 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், நல்ல படம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் தக்காளி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு விமர்சகர்களும் ஒரு படத்துக்குப் பத்துக்கு 6 கொடுத்து 'ஒரு தடவை பார்க்கலாம்' என்கிறார்கள் என்று வையுங்கள். சதவீதம் 100. இன்னொரு படத்துக்கு எழுபது பேர் 9 கொடுக்கிறார்கள், முப்பது பேர் வெறுத்துப்போய் 4 கொடுக்கிறார்கள். சதவீதம் 70, ஆனால் சராசரி 7.5. யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத படம் நூறு வாங்கிவிடும். சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வெறுப்பாகவும் இருக்கிற படம் எழுபதில் நின்றுவிடும். எனக்கு எப்போதும் இரண்டாவது வகைப் படத்தைப் பார்க்கத்தான் ஆசை.

1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' பல வருடம் இந்தத் தளத்தில் 100 சதவீதத்தோடு இருந்தது. 2021இல், படம் வந்த காலத்தில் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை எழுதிய ஒரு பாதகமான விமர்சனத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். 99 ஆகிவிட்டது. உடனே 'பேடிங்டன் 2' என்ற கரடிக்குட்டிப் படம் சிட்டிசன் கேனை முந்திவிட்டது என்று செய்தி பரவியது. சில வாரங்களில் அந்தக் கரடிக்கும் ஒருவர் பாதகமாக எழுதி, அதுவும் 99க்கு இறங்கியது. இரண்டு படத்திலும் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.

மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தளம் விமர்சனங்களை நூறுக்கு இத்தனை என்று மாற்றி, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. யாருக்கு எவ்வளவு எடை என்று வெளியே சொல்வதில்லை.

ஐஎம்டிபியில் ஓட்டுப் போடுவது பொதுமக்கள். அதன் தலைசிறந்த 250 படங்கள் பட்டியலுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குறைந்தது 25,000 ஓட்டு வேண்டும், அதோடு ஓட்டு குறைவாக உள்ள படத்தின் மார்க்கைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடுவார்கள். உதாரணத்துக்குப் பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் மட்டும் ஓட்டுப் போட்டு 9 வாங்கிய படத்தை அந்தச் சூத்திரத்தில் போட்டால் 7.1க்குப் பக்கத்தில்தான் வரும். மூன்று லட்சம் பேர் சேர்ந்து 8.2 கொடுத்த படம் 8.1இல் நிற்கும். முதல் வாரத்தில் 9.6 என்று துள்ளிக் குதிக்கும் படங்களை நம்பி நாம் ஏமாறாமல் இருக்கவும் இதே புத்தி போதும்: எத்தனை என்று பார்ப்பதற்கு முன் எத்தனை பேர் என்று பாருங்கள்.

மற்றவர்களின் மார்க்கைப் பார்த்துவிட்டால் என் கருத்தும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

எல்லாருக்கும் சாயும். லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு செய்தித் தளத்தில் வந்த கருத்துகளில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, எழுதப்பட்ட உடனேயே ஒரே ஒரு ஆதரவு ஓட்டைப் போலியாகப் போட்டார்கள். அவ்வளவுதான் செய்தது. அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. அதே மாதிரி எதிர்ப்பு ஓட்டைப் போட்டபோது மக்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆக, கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டுவதுதான் நமக்கு ரொம்பச் சுலபம்.

படம் பார்த்து, நமக்கென்று ஒரு மார்க்கை எழுதி வைத்த பிறகு அடுத்தவர்கள் சொன்னதைப் படிப்பது. இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

எனக்கு 'நல்லா இருந்தது', 'மொக்கை' இரண்டையும் தாண்டி எழுத வரவில்லை.

தொழில்நுட்ப வார்த்தைகள் தெரியாததுதான் பிரச்சினை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காரணமே இல்லை. 'மேக்கிங் டாப், பிஜிஎம் தெறி, ஸ்க்ரீன்ப்ளே கொஞ்சம் லேக்' என்று எழுதினால் விஷயம் தெரிந்த ஆள் மாதிரி இருக்கும். ஆனால் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் அந்த வரியை ஒட்டலாம். அதனால்தான் அது எந்தப் படத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

ஒரே ஒரு காட்சியை எடுங்கள். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். ஒரு கற்பனைப் படத்தை வைத்து எழுதிக் காட்டுகிறேன். அண்ணனும் தம்பியும் அப்பா வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். இதை இப்படி எழுதலாம்: 'சென்டிமென்ட் நன்றாக ஒர்க்கவுட் ஆகியிருக்கிறது. நடிப்பு பிரமாதம்.' இப்படியும் எழுதலாம்:

'இரண்டு பேரும் அளவு நாடாவின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக அளக்கிறார்கள். வசனமே கிடையாது, எண்களை மட்டும் சொல்கிறார்கள். அம்மா படுத்திருக்கும் அறை வந்ததும் தம்பி நாடாவை விட்டுவிடுகிறான். அது சுருண்டு அண்ணன் கையில் போய் அடிக்கிறது. அதன் பிறகு இரண்டு பேரும் பத்து நிமிடம் அழுது பேசுகிறார்கள். நாடா சொல்லி முடித்ததை வாயால் மறுபடி சொல்லியது எனக்குத் தேவையில்லாமல் பட்டது. 3.5.'

இரண்டாவதைப் படிக்கிறவருக்கு இயக்குநர் எப்படிப்பட்டவர், எங்கே நன்றாகச் செய்கிறார், எங்கே நம்பிக்கை இழக்கிறார் என்பது கிடைத்துவிட்டது. முக்கியமாக, 'அந்தப் பத்து நிமிட அழுகைதான் எனக்கு வேண்டும்' என்கிற ஒருவர் உங்கள் 3.5ஐப் பார்த்துவிட்டே தனக்கு இது 4.5 ஆக இருக்கும் என்று முடிவு செய்யலாம். உங்களோடு ஒத்துப்போகாதவருக்கும் உதவுகிற விமர்சனம் அது. பிரமாதம் என்ற வார்த்தையால் அதைச் செய்ய முடியாது.

பிடிக்காத படத்துக்கும் இதேதான். 'லாஜிக் இல்லை' என்று நிறுத்தாமல், எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்தது என்று சொல்லுங்கள். லாஜிக் இல்லாத படங்கள் பலவற்றை நாம் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். நன்றாக இருக்கும்போது அந்தக் கேள்வியே வராது. எந்தக் காட்சியில் கேள்வி வந்தது என்பதுதான் செய்தி.

ஸ்பாய்லர் எதுவரை? டிரெய்லரில் வந்ததைச் சொல்லலாமா?

டிரெய்லரில் வந்தது, கதையின் ஆரம்பச் சிக்கல் இரண்டையும் சொல்லலாம். 'கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்' என்பது நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அதுவும் ஸ்பாய்லர்தான். கேட்டவர் படம் முழுக்க அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு கவனமாகக் காத்த படத்தின் முடிச்சு இன்று பார்க்காதவர்களுக்கும் தெரியும். தெரிந்தே பார்க்கிறார்கள், ரசிக்கவும் செய்கிறார்கள். முடிவு தெரிந்திருந்தால் ரசனை கூடுகிறது என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அது சிறுகதைகளை வைத்துச் செய்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. எனவே ஆய்வைக் காட்டி யாருக்கும் முடிவை உளறிவிடாதீர்கள். பாதிக்கப்படப்போவது நீங்கள் அல்ல, பார்க்காதவர். அதனால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்ற முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.

பிடித்த நடிகரின் படத்துக்குப் பத்து, பிடிக்காதவர் படத்துக்கு ஒன்று. இந்தச் சண்டைக்கு நடுவில் உண்மையான கருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் வெளியாவதற்கு முன்பே மார்க் போட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. 2019இல் ராட்டன் டொமேட்டோஸ், வெளிவராத படங்களுக்குக் கருத்து எழுதும் வசதியையே எடுத்துவிட்டது. டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மார்க்கைத் தனியாகக் காட்டவும் தொடங்கியது.

நமக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பத்தையும் ஒன்றையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பவர்கள் எழுதியதைப் படியுங்கள். 6 போட்டவர், 7 போட்டவர், 4 போட்டவர். இவர்கள்தான் காரணம் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கே அந்த மார்க்கை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது. அப்புறம், கருத்தில் படத்தின் காட்சி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். நடிகரின் பெயர் ஆறு தடவையும் காட்சி ஒரு தடவைகூட இல்லாமலும் இருந்தால் கடந்து போய்விடலாம்.

நீங்களே ஒருவரின் தீவிர ரசிகராக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ரசிகரே 'இந்தத் தடவை சரியில்லை' என்று சொன்னால் அந்த வார்த்தைக்கு இருக்கும் மதிப்பே தனி.

எல்லாரும் கொண்டாடும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் பிடித்தவர்களை முட்டாளாக்காமல் சொல்ல வேண்டும். 'ஓவர்ரேட்டட்' என்ற வார்த்தை படத்தைப் பற்றியது மாதிரித் தெரியும். உண்மையில் அது மற்ற பார்வையாளர்களைப் பற்றிய புகார். அதை விட்டுவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.

டப்பிங்கில் பார்த்த படத்துக்கு மார்க் போடலாமா?

போடலாம், டப்பிங்கில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு. நடிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கவும். பாதி நடிப்பு குரலில் இருக்கிறது, நீங்கள் கேட்டது வேறொருவர் குரலை.

போனில் பார்த்தால்?

அதையும் சொல்லிவிடுங்கள். வசனத்தில் ஓடுகிற படத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அமைதியாக, நீளமான ஷாட்களில் போகிற படத்தைப் போனில், நடுநடுவே மெசேஜ் பார்த்துக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு 'ஸ்லோ' என்று மார்க் குறைப்பது நியாயமில்லை. இந்தக் கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது.

பழைய படத்துக்கு இன்றைய அளவுகோலை வைக்கலாமா?

வேறு எதை வைப்பது? பார்க்கிறவர் இன்றைய ஆள்தானே. அந்தக் காலத்தில் அது எவ்வளவு புதிதாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் வராத சிரிப்பை வந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிபுணர்களின் அளவுகோலும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்து வருடத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களைக் கேட்கிறது. 1952இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் ஷாண்டால் அகெர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்'. ஒரு பெண் இயக்குநரின் படம் அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, கேட்கப்படுகிற ஆட்களின் எண்ணிக்கையும் வகையும் மாறியிருக்கின்றன.

இரண்டாம் தடவை பார்த்தபோது கருத்து மாறிவிட்டது. பழைய மார்க்கைத் திருத்தலாமா?

திருத்துங்கள், ஆனால் பழையதை அழிக்காதீர்கள். முதல் தடவை 4, இரண்டாம் தடவை 2.5 என்றால் அந்த இறக்கமே ஒரு விமர்சனம். பெரும்பாலும் சஸ்பென்ஸை மட்டுமே நம்பிய படம் என்று அர்த்தம்.

அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் ஒரு படத்தை இரண்டாம் தடவை பார்ப்பதையே பெரும்பாலும் தவிர்த்தவர். முதல் பார்வையில் பட்டதுதான் நிஜம் என்பது அவர் கட்சி. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

பாதியில் நிறுத்திவிட்ட படத்துக்கு?

எண் வேண்டாம். 'நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தினேன், இந்தக் காட்சியில்' என்று எழுதுங்கள். முழுக்கப் பார்த்தவர்கள் யாராவது 'இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்' என்றோ 'தப்பித்தீர்கள்' என்றோ சொல்வார்கள்.

பார்த்த படங்களைக் குறித்து வைக்க விரும்புகிறேன். என்னென்ன எழுதுவது?

தேதி, படத்தின் பெயர், எங்கே எப்படிப் பார்த்தீர்கள், யாருடன், உடனே போட்ட மார்க், மறுநாள் மார்க், நினைவில் நின்ற ஒரு காட்சி. இவ்வளவு போதும். யாருடன் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விழுந்து விழுந்து சிரிக்கிற கூட்டத்தோடு பார்த்த காமெடிப் படத்தையும் தனியாக நள்ளிரவில் பார்த்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நட்சத்திரப் படம் வரையவும், ஒளிப்பதிவுக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று கட்டம் போட்டுக் கூட்டவும் தொடங்கினால் சில வாரங்களில் அலுத்துவிடும். தவிர, அப்படிக் கூட்டி வரும் எண் நீங்கள் மனதில் நினைத்த எண்ணோடு ஒத்துப்போகாது. உடனே கட்டங்களில் கை வைத்து, நினைத்த எண் வரும்வரை திருத்துவீர்கள். அதற்குப் பதில் நேராக அந்த எண்ணையே எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் காட்சியைப் பற்றி இரண்டு வரி கூட எழுதலாம்.